காலாப்பட்டுக் குறிப்புகள்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பேருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. கோட்டக்குப்பம், பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் மூன்றும் விழுப்புரம் மாவட்டம். பிள்ளைச்சாவடிப் பக்கம் மறுபடி புதுச்சேரி. காலாப்பட்டும் கனகசெட்டிகுளமும் புதுச்சேரி. அதற்கு வடக்கே திரும்பவும் தமிழ்நாடு. எல்லைப் பலகையைத் தேட வேண்டியதில்லை. பெட்ரோல் பங்குகளும் மதுக்கடைகளும் நெருக்கமாக வரத் தொடங்கினால் புதுச்சேரி வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்து இருக்கையில் காலி மீன்கூடையோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த அம்மா கையை வீசிக் காட்டினார்: "இந்தாண்ட பாண்டி, அந்தாண்ட தமிழ்நாடு. எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா."

பிரெஞ்சுக்காரர்கள் இந்த நிலத்தை ஒரே வீச்சில் பெறவில்லை. கிராமம் கிராமமாகப் பெற்றார்கள், போரில் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள், 1816இல் திரும்ப வாங்கினார்கள். அந்தத் துண்டுகள் அப்படியே நிலைத்துவிட்டன. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காலாப்பட்டு அந்தத் துண்டுகளில் ஒன்று. சின்ன இடம்தான். புதுச்சேரிப் பல்கலைக்கழகம், 1984இல் தொடங்கி இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிவிட்ட பொறியியல் கல்லூரி, சட்டக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, மத்தியச் சிறை, மீனவர் குப்பங்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

*

மதுரையிலிருந்து வருகிறவளுக்கு முதலில் கண்ணில் படுவது மண். எங்கள் காமராசர் பல்கலைக்கழகம் நாகமலை ஓரத்தில் இருக்கிறது. அங்கே வெயிலும் பாறையும்தான். இங்கே தரை செக்கச்செவேல் என்று இருக்கிறது. முந்திரி, சவுக்கு, அவற்றுக்கு நடுவே தானாக முளைத்த புதர்க்காடு. பல்கலைக்கழக வளாகம் ஏறத்தாழ 800 ஏக்கர். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நடந்தால் சேலைக் கரை முழுக்கச் செம்புழுதி. மாணவர்கள் சைக்கிளில் போகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் கடல்.

நாடாளுமன்றச் சட்டத்தின்படி 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இது. இலச்சினையில் உள்ள வாசகம் பிரெஞ்சு: வேர் லா லூமியேர், ஒளியை நோக்கி. காரைக்கால், மாஹே, போர்ட் பிளேர் ஆகிய ஊர்களிலும் இதன் வளாகங்கள் உண்டு. அந்தமானும் லட்சத்தீவும் இதன் எல்லைக்குள் வருகின்றன. நடைபாதையில் மலையாளம், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் காதில் விழுகின்றன. தேநீர்க் கடைப் பெஞ்சில் இருந்த வடகிழக்கு மாணவி ஒருத்தி "அண்ணா, சக்கரை கம்மி" என்று சுத்தமாகச் சொன்னாள். என்னோடு வந்த ஆய்வு மாணவிகள் இருவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரிக் கலப்பு வாய்ப்பதில்லை. அவர்களை அழைத்து வந்ததற்கு இதுவே ஒரு காரணம்.

*

பெயர்கள். வளாகத்தில் நடக்கும்போது பெயர்ப்பலகைகளைக் குறித்துக்கொண்டே வந்தேன்.

நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளை பெயர். தமிழ்ப் புலத்துக்குச் சுப்பிரமணிய பாரதி. நாடகத்துக்குச் சங்கரதாஸ் சுவாமிகள். விடுதிகளில் கம்பன், கபீர்தாசர், கண்ணதாசன். எழுதி முடித்துப் பார்த்தால் இவர்களில் ஒருவரும் பட்டதாரி இல்லை. ஆனந்தரங்கர் வணிகர், பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேயின் துபாஷி. கபீர் நெசவாளி. கண்ணதாசன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பாரதி பட்டத்துக்குப் படித்ததே இல்லை. நாடு முழுக்கக் கல்லூரிகளுக்கு இப்படிப் பெயர் வைக்கிறோம், அது பெரிய செய்தியில்லை. ஆனால் இந்த வளாகம் பெயரோடு நிற்கவில்லை. பட்டமில்லாத ஒருவரைப் பேராசிரியர் நாற்காலியிலேயே உட்கார வைத்தது. நான் இங்கே வர ஆசைப்பட்டதே அதற்காகத்தான்.

*

கி. ராஜநாராயணன் இங்கே வந்தது 1989இல். அப்போது துணைவேந்தர் கி. வேங்கடசுப்பிரமணியன். கோவில்பட்டிக்குப் பக்கம் இடைசெவல் என்ற கரிசல் கிராமத்துச் சம்சாரி, 65 வயதைத் தாண்டியவர், உயர்நிலைப் பள்ளியையே முடிக்காதவர். அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தார்கள். கொடுத்த வேலை நாட்டார் கதைகளைச் சேகரிப்பது.

இதன் அருமை பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். ஒரு தற்காலிக விரிவுரையாளரை எடுக்க நாங்கள் பார்க்கும் தாள்கள் எத்தனை, சரிபார்க்கும் சான்றிதழ்கள் எத்தனை, எண்ணும் மதிப்பெண்கள் எத்தனை! கி.ரா.விடம் இருந்த தாள்கள் வேறு. 1976இல் வந்த 'கோபல்ல கிராமம்', 1982இல் வந்த வட்டார வழக்குச் சொல்லகராதி, எண்ணிக்கையில்லாத கதைகள். அந்த அகராதியைத் தமிழ்ப் பேராசிரியர்கள் கூடிச் செய்திருக்க வேண்டும். ஒரு விவசாயி செய்தார். கரிசலில் மாட்டுக்கும் மழைக்கும் பயிருக்கும் நோய்க்கும் புழங்கிய சொற்கள் அச்சேறாமல் போயிருக்கும். அவர் ஏற்றினார்.

கதை சேகரிப்பது வெறும் பதிவு வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு ஒரு கிழவியின் முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் பாதிக் கதையைத்தான் சொல்வார். கேட்கிறவன் தன்னைப் போல ஒருவன் என்று பட்டால்தான் மீதி வரும். வேளாண்மை தெரிந்தவன், கெட்ட வார்த்தைக்கு முகம் சுளிக்காதவன், பதிலுக்கு ஒரு கதை சொல்லத் தெரிந்தவன். அந்தக் காதைப் பல்கலைக்கழகம் உருவாக்க முடியாது, அழைத்து வரத்தான் முடியும். கதைகளை வகைப்படுத்தவும் ஒப்பிடவும் படித்த ஆய்வாளர்கள் கண்டிப்பாக வேண்டும், நானும் அந்த வேலைக்காரிதான். ஆனால் முதல் வரிசையில் கி.ரா. மாதிரி ஆள் இல்லாவிட்டால் நாங்கள் வகைப்படுத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வந்தவர் புதுச்சேரியிலேயே தங்கிவிட்டார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அவர் புதுச்சேரிக்காரர். லாசுப்பேட்டை வீட்டில் 2021 மே 17 அன்று, 98ஆம் வயதில் மறைந்தார். உடல் இடைசெவலுக்குப் போனது. தமிழ்நாடு அரசு மரியாதை செய்தது.

2022இல் பல்கலைக்கழக மானியக் குழு 'நடைமுறைப் பேராசிரியர்' என்ற திட்டத்துக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. துறையில் 15 ஆண்டு அனுபவம் இருந்தால் போதும், பட்டம் கட்டாயமில்லை. ஒப்புதல் பெற்ற பணியிடங்களின் எண்ணிக்கையில் 10 விழுக்காடு வரை இப்படி அமர்த்தலாம். பொறியியல், மேலாண்மை, ஊடகம் என்று நீளும் பட்டியலில் இலக்கியமும் நுண்கலையும் இருக்கின்றன. காலாப்பட்டு 33 ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டிய காரியம் இது. இந்த வாய்ப்பில் எங்கள் பக்கத்து ஆர்மோனியக்காரர் ஒருவரையோ கணியான் கூத்துக் கலைஞர் ஒருவரையோ வகுப்பறைக்கு அழைத்து வரத் தமிழ்த் துறைகள் முயல வேண்டும். கம்பெனி அதிகாரிகளை மட்டும் உட்கார வைத்துவிட்டு இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது.

*

காலை உணவு பல்கலைக்கழக வாயிலுக்கு எதிர்ப்பக்கம். இட்லி, பொங்கல், மெதுவடை. பக்கத்துக் கடையில் புட்டும் கடலையும். மலையாளப் பிள்ளைகள் நிறைய இருப்பதால் காலாப்பட்டுக் கடைகள் அவர்கள் நாக்கையும் பழகிக்கொண்டிருக்கின்றன. மாலையில் பரோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும். விடுதி உணவகச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் எந்த ஊர் மாணவரும் சொல்லும் பதிலையே இங்கேயும் சொல்கிறார்கள்.

மதியம் மீன். சாலையோரம் ஒரு வீட்டின் முன் தாழ்வாரத்தில் நான்கு மேசை. கணவர் கடலுக்குப் போகிறவர், மனைவி சமைக்கிறார். சங்கரா வறுவல், நெத்திலி, சோறு, குழம்பு. "கானாங்கெளுத்தி இப்பதான் வந்துது, கொழம்புல போட்டிருக்கேன், பாரும்மா." வடவம் தாளித்த குழம்பு. எங்கள் பக்கம் மீன் குழம்பில் தேங்காய் அரைத்து விடுவோம். இங்கே அந்த வேலையை வடவ வாசனையே பார்த்துவிடுகிறது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள் எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டி, கோடை வெயிலில் நாள்கணக்கில் காய வைத்து எடுத்தது. இந்த உருண்டை கப்பலேறிப் பிரான்ஸ் வரை போயிருக்கிறது. அங்கே சமையற்காரர்கள் வடூவான் என்ற பெயரில் ஆட்டிறைச்சிக்கும் சிப்பி வகைகளுக்கும் தூவுகிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்தக் காலத்தில் வந்தால் இந்த மேசையில் மீன் வகை குறையும், விலை ஏறும்.

*

மீன் சமைத்துக் கொடுத்த அம்மாவிடம் கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "முன்ன தூரம். இப்ப வீட்டு வாசல்தான்."

1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகள் கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். கல் அணை அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரக் கடற்கரை கரைந்தது. அங்கே பாறை கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். நகரம் தப்பியது. அரிப்பு இன்னும் வடக்கே போய் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று குப்பம் குப்பமாக வீடுகளைத் தின்றது. தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை 2018இல் அமைத்த பிறகு அங்கே மணல் திரும்பியிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் கால் நனைக்கிறார்கள், பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வடக்கே வலை உலர்த்த மணலில்லாமல் சாலையோரம் வலை விரிக்கிறவர்களுக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும். பொறியாளர்களும் சூழலியலாளர்களும் பாடம் நடத்தும் வளாகங்கள் இந்தக் குப்பங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

*

வளாகத்துக்கு வடக்கே, புதுச்சேரி எல்லை முடிந்ததும் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில். கோயிலைச் சுற்றி இருப்பது ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட காடு. அதனால் யாரும் வெட்டவில்லை. சோழமண்டலக் கரையின் பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இப்படிப்பட்ட கோயிற்காடுகளில்தான் பார்க்க முடியும். மழை குறைவு, ஆனாலும் இலை உதிர்க்காத மரங்கள். வீரை, காசா, பின்னிக் கிடக்கும் கொடிகள். கிளை தாழ்ந்த இருட்டு. பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை ஆய்வாளர்கள் இங்கே மரங்களை ஒவ்வொன்றாக அளந்து, எண்ணி, ஆண்டுகள் விட்டு மறுபடி வந்து அளந்திருக்கிறார்கள். பூசாரி காத்ததை அவர்கள் கணக்கெடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைக்க வரும் குடும்பங்களின் கூட்டமும் பிளாஸ்டிக் பையும் இந்தக் காட்டுக்குத் தாங்காது. அது மட்டும் மனதை உறுத்தியது.

அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம். கோயிலுக்கு வந்தவர்களில் அங்கிருந்து வந்த ஒரு குடும்பமும் இருந்தது. பேச்சில் யாழ்ப்பாணம். முகாமிலேயே பிறந்து வளர்ந்த பெண், கல்லூரி முடித்துவிட்டாளாம். "எங்களுக்கு இந்த ஐயனார்தான் பிள்ளை, ஊர்க் கோயில் மாதிரி" என்றார் பாட்டி. தேங்காய் உடைத்ததில் ஒரு மூடியை எங்கள் கையில் கொடுத்தார்.

*

சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி கருவடிக்குப்பத்தில். மதுரைக்காரிக்கு இங்கே வராமல் போவது தகாது.

எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழா என்றால் இரவு பத்து மணிக்கு 'வள்ளி திருமணம்' தொடங்கி விடியும்வரை நடக்கும். நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து மேடைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை கிடையாது. முருகன் ஓர் ஊர், வள்ளி ஓர் ஊர், நாரதர் வேறோர் ஊர். ஆர்மோனியமும் மிருதங்கமும் பல தாளக் கருவிகளைச் சேர்த்து வாசிக்கும் ஆல்ரவுண்டும் கூட அப்படித்தான். ஆனாலும் நாடகம் பிசகாது. எல்லோருக்கும் சுவாமிகள் எழுதிய பாடம் மனப்பாடம். ஒரு மனிதர் எழுதி வைத்தது நூறாண்டு தாண்டியும் நடிகர்களுக்குச் சோறு போடுகிறது. தூத்துக்குடிப் பக்கம் 1867இல் பிறந்து, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கி, 1922 நவம்பரில் புதுச்சேரியில் இறந்தார்.

சமாதியில் இரண்டு மாலைகள் வாடிக் கிடந்தன. என் மாணவிகளில் ஒருத்தி இசை நாடகத்தில்தான் ஆய்வு செய்கிறாள். அவளுடைய தாத்தா பபூன் வேடக்காரர். அவள் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் கும்பிட்டாள்.

வளாகத்தில் அவர் பெயர் தாங்கிய நிகழ்கலைப் பள்ளிக்கு இந்திரா பார்த்தசாரதி தலைமை தாங்கியிருக்கிறார். பிறகு கே.ஏ. குணசேகரன் அங்கே பேராசிரியராக இருந்தார். சிவகங்கைச் சீமையிலிருந்து பறையும் நாட்டார் பாட்டும் கொண்டு போய் வகுப்பறையில் வைத்தவர். டெல்லியில் அரசியல் நாடகம் எழுதியவரும், ஒடுக்கப்பட்ட மக்களின் ஆட்டத்தையும் பாட்டையும் கற்பித்தவரும், இசை நாடக ஆசிரியரின் பெயரும் ஒரே கூரையின் கீழ். தமிழ் நாடகத்துக்கு இதைவிட நல்ல முகவரி வேறு எங்கே அமைந்தது?

கருவடிக்குப்பத்திலேயே சித்தானந்த சுவாமி கோயில். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தபோது இந்தப் பக்கத்துத் தோப்புகளுக்கு நடந்து வருவார். குயில் பாட்டு பிறந்த தோப்பும் இங்கேதான்.

*

நகரத்துக்குள். வெள்ளை நகரத்தில் மஞ்சள் சுவர்களின் முன் நின்று படம் எடுக்கிறவர்களை விலக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது. சுவர் அழகுதான். ஆனால் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் திண்ணையும் மரத்தூணும் ஓட்டுத் தாழ்வாரமும் உள்ள தமிழ் வீதிகள். எனக்கு அங்கேதான் கால் நின்றது. வைசியாள் வீதியில் பழைய வீடுகளை அடுக்கடுக்காகச் செப்பனிட்டிருக்கிறார்கள். ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கரின் மாளிகை, கீழே தமிழ்த் தூண்கள், மேலே பிரெஞ்சுத் தூண்கள்.

அவர் 1736 முதல் 1761இல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, விலை ஏறியது, யார் யாரை அவமதித்தார், கோயில் இடிபட்டது, என்ன சகுனம் பார்த்தார் என்று எல்லாமே அதில் உண்டு. 1846இல் கலுவா மோன்பிரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி இதைத் தேடிக் கண்டெடுத்தார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. பிரபஞ்சன் இதிலிருந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்களை எடுத்தார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பேச்சை அறிய இதைவிட நெருக்கமான ஆவணம் கிடையாது. தமிழ் முதுகலை வகுப்புகளில் இதன் நூறு பக்கமாவது கட்டாயம் படிக்கப்பட வேண்டும்.

*

கூபேர் மார்க்கெட். உள்ளே போனால் வெளியே வர வழி தேட வேண்டும். மீன் பக்கம், பூப் பக்கம், வடவ உருண்டை விற்கும் பக்கம். காலையில் ரொட்டிக் கடைகளில் நீள ரொட்டி. மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. ஊர்க்காரர்கள் அதைச் சால்னாவில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள், எனக்கும் அதுதான் பிடித்தது. வெண்ணெய் தடவித் தட்டில் வைத்துத் தரும் கடைகள் கடற்கரைப் பக்கம் ஏராளம். விலையும் அதற்கேற்ப.

நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ். தொழிலாளர் கூட்டுறவு நடத்தும் கடை. யான் மார்டெல் 2001இல் எழுதிய 'லைப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில் இந்தக் காபிக் கடை வருகிறது.

வியட்நாம் சுருள். மெல்லிய அரிசித் தாளில் இறைச்சியும் காய்கறியும் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரித்தது. நெம் என்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்காரர்கள் இந்தோ-சீனாவுக்குப் படையிலும் காவலிலும் சுங்கத்திலும் வேலைக்குப் போனார்கள். சைகோனில் பெண் எடுத்தார்கள். 1954க்குப் பிறகு குடும்பத்தோடு திரும்பி வந்தவர்களின் அடுப்படியில் இந்தச் சுருளும் சேர்ந்து வந்தது. இன்னும் சில வீடுகளில் கல்யாணம், கிறிஸ்துமஸ் என்றால் இது இல்லாமல் இருக்காது. பாட்டிமாரின் கைப்பக்குவம் எழுதப்படாமல் போகிறது. கி.ரா. கதைக்குச் செய்ததை யாராவது இந்த அடுப்படிகளுக்குச் செய்ய வேண்டும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் கவனிக்க.

கோட்டக்குப்பத்தில் பாய் கடை பிரியாணி. திரும்பி வரும்போது இறங்கிச் சாப்பிட்டோம். மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டோம் என்பதே போதும்.

*

அரவிந்தர் ஆசிரம உணவுக்கூடம். சோறு, பருப்பு, காய், தயிர், ரொட்டி, வாழைப்பழம். காரம் இல்லை. அமைதி.

ஆசிரமப் பள்ளி 1943இல் தொடங்கியது, பிறகு கல்லூரி நிலை வரை வளர்ந்து பன்னாட்டுக் கல்வி மையம் ஆயிற்று. அங்கே பட்டம் தருவதில்லை. பிள்ளைகள் பாடத்துக்காகப் படிக்கிறார்கள். முடித்தவர்கள் கையில் சான்றிதழ் இல்லாமல் போகிறார்கள். காலாப்பட்டில் பட்டமில்லாத ஆசிரியர், இங்கே பட்டமில்லாத மாணவர்கள். ஒரே ஊரில் இரண்டும் நடந்திருப்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. துரத்தப்பட்டு வந்தவர்கள், ஆட்சி மாறிக் குடியேறியவர்கள், கப்பலில் போய்த் திரும்பியவர்கள் நிறைந்த ஊர் இது. வந்தவரிடம் தாளைக் கேட்பதற்கு முன் என்ன தெரியும் என்று கேட்கும் பழக்கம் இங்கே இருந்திருக்கிறது. பாரதிக்கும் அரவிந்தருக்கும் அடைக்கலம் கொடுத்த ஊர்தானே.

*

கடலைப் பார்த்தபடி இருக்கும் பிரெஞ்சு நிறுவனம், செயின்ட் லூயி வீதி. 1955இல் தொடங்கியது. முதல் இயக்குநர் ழான் பிலியோசா. ஆயிரக்கணக்கில் ஓலைச்சுவடிக் கட்டுகள், பெரும்பாலும் சைவ ஆகமம். புதுச்சேரியின் இந்தச் சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தி.வே. கோபாலையரும் பிரான்சுவா குரோவும் பதிப்பித்த தேவாரம் 1980களில் இங்கிருந்து வந்ததுதான். பண்டிதரும் பிரெஞ்சு அறிஞரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பாடம் பார்த்த நூல்.

சுவடிகளைவிட என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது மகரந்தக் கூடம். செடியின் மகரந்தத் துகள் பல்லாயிரம் ஆண்டு சேற்றுக்குள் அழியாமல் கிடக்கும். ஏரியின் அடிமண்ணைத் துளையிட்டு எடுத்து, உருப்பெருக்கியில் துகளை அடையாளம் கண்டால் எந்தக் காலத்தில் அங்கே என்ன காடு இருந்தது என்று சொல்லிவிடலாம். இதை உலகத் தரத்தில் வளர்த்தவர் கணபதி தணிகைமணி. ஒரு கருத்தரங்குக்காக அமெரிக்கா போகும் வழியில், 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் கொல்லப்பட்டார். வயது 48. அவர் பெயர் நம் பள்ளிப் பாடநூலில் இடம்பெற வேண்டும்.

*

அடுத்த முறைக்கு: அரியாங்குப்பம் தாண்டி அரிக்கமேடு, 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானியப் பானைகளை எடுத்த இடம். 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தில் ஒரு முழுப் பகல். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. மரக்காணம் உப்பளங்கள், கழுவேலி ஏரிக்கு வலசைப் பறவை வரும் காலம் பார்த்து. வளாகத்துச் சமுதாய வானொலி புதுவை வாணியில் இசை நாடகப் பாட்டு ஒலிபரப்பக் கேட்டு ஒரு கடிதம். தாத்தாவின் பழைய ஒலிநாடாக்களைக் கொண்டு வருவதாக என் மாணவி சொல்லியிருக்கிறாள். நாடாக்களில் ஈரம் ஏறியிருக்கிறதாம், முதலில் அவற்றை மதுரையில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும்.